கழிமேட்டு வளைவில் தொண்ணூற்றாறு சதவீதம்

செங்கல்பட்டில், கொளவாய் ஏரியைப் பார்த்தாற்போல் நிற்கும் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் 'கடற்கரை மக்கள் கருத்துக் காட்சி மையம்' இயங்கிவந்தது. மக்களிடம் போய்க் குறை கேட்பது, கேட்டதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ஏற்றியதைப் படமாகப் போடுவது, இவ்வளவுதான் அதன் வேலை. குறையைத் தீர்ப்பது வேறு யாருடைய வேலையோ. அது யார் என்று விசாரிக்கும் பொறுப்பும் மையத்துக்குத் தரப்படவில்லை. சுற்றுவட்டாரத்தில் அதற்குப் 'படம் போடுற ஆபீசு' என்று பெயர்.

ஜெபா அங்கே ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தபோது அவளுடைய ஊரே சந்தோஷப்பட்டது. ஊர் என்றால், திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையின் மேற்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும் கழிமேடு காலனி. ஒரு தலைமுறைக்கு முன்னால் அங்கே எல்லாரும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். இப்போது அந்த வயல்கள் இல்லை. சாலைக்குக் கிழக்கே கடலோரம் முழுக்க ரிசார்ட்டுகளும், சனி ஞாயிறு மட்டும் விளக்கெரியும் பங்களாக்களும் வந்துவிட்டன. காலனிக்காரர்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு. ஜெபாவின் அம்மா ஜாக்குலின் ஒரு பங்களாவில் சமையல் செய்கிறாள். பக்கத்து வீட்டு வாசுதேவன் ஒரு ரிசார்ட்டில் தோட்டம் பார்க்கிறார். வீடு மேற்கே, சோறு கிழக்கே. நடுவில் ரோடு.

அந்த ரோடு, கழிமேட்டுச் சந்து வந்து சேரும் இடத்தில்தான் ஒரு வளைவு வளைகிறது. சென்னையிலிருந்து கிளம்பும் கார்கள் சிக்னல் சிக்னலாக அடக்கிவைத்திருந்த வேகத்தையெல்லாம் அங்கே வந்துதான் தீர்த்துக்கொள்ளும். காலையில் டிபன் டப்பாவும் கையுமாக நிற்கும் பெண்கள் ஒரு காலை எடுத்து வைப்பதும் இழுத்துக்கொள்வதுமாக இருப்பார்கள். ஒரு விபத்துக்குப் பிறகு யாரோ இரண்டு இரும்புத் தடுப்புகளைக் குறுக்கே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வண்டிகள் அவற்றைச் சுற்றி நெளியும்போது வேகம் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்தில்தான் காலனி உயிரோடு போய் உயிரோடு திரும்பிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் 'கடற்கரைச் சாலை மக்கள் தேவை ஆய்வு' என்று ஒன்று வந்தது. ஜெபா கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: 'உங்கள் பகுதியின் முதல் தேவை எது?' கிழக்கே பங்களாக்காரர்களிடம் கேட்டாள். மேற்கே வரிசையாக இருந்த ஊர்களில் கேட்டாள். கடைசியாகத் தன் தெருவுக்கே வந்தாள்.

"இன்னாத்த சொல்றது?" என்றாள் வாசுதேவனின் மனைவி காசியம்மாள். "போன தபா ஒருத்தர் வந்தாரு. கேட்டாரு. மோர் குடிச்சாரு. பூட்டாரு."

"நம்ம பொண்ணு கேக்குது, நீ வேற!" என்று அவளை அடக்கிவிட்டு வாசுதேவன் சொன்னார்: "எழுதிக்கோ ஜெபா. ரோடு தாண்டறதுக்கு ஒரு வழி. சிக்னலோ, அடியால போற பாதையோ, எதுவானா இருக்கட்டும். காலைல போனவன் சாயங்காலம் வூடு வந்து சேரணும். அவ்ளோதான்."

"இந்த தபா அப்படி இல்ல மாமா. படமா போட்டுக் காட்டிடுவோம். பாத்தாலே புரிஞ்சிடும். நான்தான் போடப்போறேன்."

நான்தான் போடப்போறேன் என்று அவள் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல. புள்ளியியல் படித்த பெண். எண்களைச் சரியாக அடுக்கி வைத்தால் பார்க்கிறவர்களுக்கு மனசு வந்துவிடும் என்று அந்த நாளில் நம்பிக்கொண்டிருந்தாள்.

படம் போடும் மென்பொருளை மையம் வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் அது ஓடும். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தனி அறை, ஏசி, வாசலில் செருப்பு கழற்றும் இடம் எல்லாம் உண்டு. ஆயுத பூஜை அன்று திரையின் மூலையில் வைத்த குங்குமத்தைத் துடைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் வலது மேல் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். துணை இயக்குநர் சரவணகுமார் ஒருமுறை அதைத் தரவுப் புள்ளி என்று எண்ணி, 'இவர் மட்டும் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கிறார், விளக்கம் தேவை' என்று கோப்பில் எழுதியிருந்தார்.

ஜெபா முதல் படத்தைப் போட்டாள். சாதாரணப் பட்டைப் படம்தான். குப்பை, தெருவிளக்கு, ரேஷன் கடை என்று சின்னச் சின்னப் பட்டைகள். நடுவில், 'சாலையைக் கடக்க வழி வேண்டும்' என்கிற பட்டை மட்டும் எழுபத்தெட்டு சதவீதத்தில் பனைமரம் மாதிரி நின்றது. மென்பொருள் தானாகவே அதற்குச் சிவப்பு கொடுத்திருந்தது.

சரவணகுமார் நாற்காலியில் சாய்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஒண்ணு மட்டும் நெட்டையா நிக்குது. பாக்கவே ஒரு மாதிரி இருக்கே."

"சார், ஜனங்க அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"ஜனங்க சொல்றது தரவு. நாம போடறது படம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. தரவுக்கு நாம பொறுப்பில்ல. படத்துக்குப் பொறுப்பு. அப்புறம், சிவப்பு யார் போடச் சொன்னது? சிவப்புன்னா அவசரம்னு அர்த்தம். அவசரம்னா யாராவது ஏதாவது செய்யணும். அதுக்கு நமக்கு அதிகாரம் இருக்கா?"

நிறத்தை முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழு ஏரிப்பக்கத்து அறையில் பலமுறை கூடியது. பச்சை என்று ஒருவர் சொன்னார், அது ஒரு கட்சியின் கொடியில் இருந்தது. நீலம் இன்னொரு கொடியில் இருந்தது. மஞ்சள், கறுப்பு, காவி, வெள்ளை என்று எதைத் தொட்டாலும் ஏதாவது ஒரு கொடி அசைந்தது. கடைசியில் எந்தக் கட்சியும் உரிமை கொண்டாட முடியாத நிறம் என்று காபிப்பொடி நிறத்தை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்பதால் எல்லாப் பட்டைக்கும் அதே நிறம். ஜெபா மாற்றிக் கொடுத்தாள். இப்போது பனைமரம் காபிப்பொடி நிறத்தில் நின்றது.

நிறம் தீர்ந்தது, நெட்டை தீரவில்லை. அதற்காக மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் 'தரவில் அழகு' என்று பயிலரங்கம் வைத்தார்கள். சென்னையிலிருந்து ஆனந்தன் என்கிற ஆலோசகர் வந்தார். காதிலிருந்து கன்னம் வரை நீண்ட ஒலிவாங்கி மாட்டியிருந்தார். பேசும்போது நடந்தார், நடக்கும்போது புன்னகைத்தார்.

"இந்தப் பட்டை ஏன் உயரமா தெரியுது? சொல்லுங்க."

"எழுபத்தெட்டு சதவீதம் சார்" என்றாள் ஜெபா.

"தப்பு. நீங்க அளவை நூறோட நிறுத்திட்டீங்க. அதனால தெரியுது. மனுஷனோட மனசுக்கு எல்லை உண்டா? அப்புறம் மனுஷனோட கருத்துக்கு மட்டும் ஏன் நூறுன்னு எல்லை போடறீங்க? ஆயிரம் வரைக்கும் விடுங்களேன்!"

கையிலிருந்த கருவியை அழுத்தினார். பக்கவாட்டு அளவு ஆயிரம் சதவீதம் வரை ஏறியது. பனைமரம் மளமளவென்று இறங்கி, தரையோடு தரையாகப் புல் மாதிரி ஒட்டிக்கொண்டது. அரங்கில் கைத்தட்டல். சரவணகுமார் எழுந்து நின்று தட்டினார். நூறு சதவீதத்துக்கு மேல் எப்படிப் போகும் என்று கேட்க ஜெபா கையைத் தூக்கியபோது சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அறிவித்தார்கள்.

வறுத்த வஞ்சிரம் இருந்த மேசைப் பக்கம் எல்லாரும் போனார்கள். ஜெபா வெளியே வந்தாள். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் வாசுதேவன். அவர் வேலை பார்ப்பது இந்த ரிசார்ட்டில்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா ஜெபா, நீ இங்க? உள்ள இன்னா மீட்டிங்கு?"

"நம்ம சர்வே விசயந்தான் மாமா."

"நம்ம ரோட்டு விசயமா?" அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டார். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். கோட்டும் சூட்டுமாக இத்தனை பேர். "நம்ம கழிமேட்டுக்கா இவ்ளோ பேரு வந்துகினு கீறாங்க? யப்பா! நல்லா பேசட்டும், நல்லா பேசட்டும். நீ உள்ள போ, வெயில்ல நிக்காத."

ஜெபா உள்ளே போனாள்.

ஆயிரம் சதவீதப் படம் இயக்குநர் பன்னீர்செல்வத்தின் மேசைக்குப் போனது. அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. இவ்வளவு பெரிய மென்பொருள் வாங்கி வச்சுட்டு, மேலேருந்து யாராவது வந்தா இதையா காட்டுறது? பிரம்மாண்டமா ஒரு வட்டம் போடும்மா. ஒரே வட்டம், ஒரே நிறம். நிலா மாதிரி இருக்கணும்."

"வட்டம் போட்டா சார், முக்கால் வட்டம் ரோட்டுப் பிரச்சினைதான் வரும்."

"அதான் ஏன் வருதுன்னு கேக்கறேன்."

ஜெபாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இதற்குமேல் மறைப்பதில் பயனில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டால் பெரியவர் இறங்கி வருவார் என்று நினைத்தாள். "சார், நான் கழிமேட்டுப் பொண்ணு. எங்க அம்மா தினமும் அந்த ரோட்டத் தாண்டித்தான் வேலைக்குப் போறாங்க. அங்க நெஜமாவே போக வழி இல்ல சார். ஜனங்க மனசு விட்டுச் சொன்னது சார் இதெல்லாம்."

பன்னீர்செல்வத்தின் முகம் மலர்ந்தது. பல நாளாகத் தேடிய சாவி கிடைத்த மாதிரி மேசையைத் தட்டினார்.

"முதல்லயே சொல்லக்கூடாதா! உங்க ஊர்லயே நீங்களே போய்க் கேட்டீங்களா? தெரிஞ்ச பொண்ணுன்னு மனசு விட்டுப் பேசியிருக்காங்க. மனசு விட்டுப் பேசினா அது தரவு கிடையாதும்மா, புலம்பல். சரவணகுமார்! கழிமேட்டைத் தூக்குங்க. சார்புத் தரவு."

சரவணகுமார் தூக்கினார். தூக்கிப் பார்த்தால், மேற்கே இருக்கும் மற்ற ஊர்க்காரர்களும் கழிமேட்டுக்காரர்கள் மாதிரியே பேசியிருந்தார்கள். கழிமேடு சார்பு என்றால், கழிமேட்டோடு ஒத்துப்போகிறவர்கள் எப்படி நடுநிலை ஆவார்கள்? அவர்களையும் தூக்கினார். சாலைக்கு மேற்கே ஒரு குடிசை மிச்சமில்லை. கிழக்குப் பக்கம் மட்டும் நின்றது. அங்கே பங்களாக்காரர்களில் தொண்ணூற்றாறு சதவீதம் பேர், 'தேவை ஒன்றுமில்லை, சாலை அருமை' என்று சொல்லியிருந்தார்கள். மீதி நான்கு சதவீதம் பேருக்கு அலைச் சத்தம் அதிகமாக இருக்கிறதாம். அது கடலோடு சம்பந்தப்பட்ட விஷயம், மையத்தின் வரம்பில் வராது என்று இயக்குநர் விட்டுவிட்டார்.

வட்டம் வந்தது. முழு நிலா. காபிப்பொடி நிறம். கீழே பெரிய எழுத்தில்: 'சாலையால் மகிழ்வோர் 96%'.

அன்று மாலை திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஜெபா, ஒரு முடிவு செய்தாள். மறுநாள் காலையில் தான் போட்ட முதல் படத்தை, சிவப்பும் நெட்டையுமாக இருந்த அந்த அசல் படத்தை, அச்செடுத்து இயக்குநரின் மேசைமேல் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துவிட்டு வந்தாள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மனிதனுக்கும் கூசும் என்பது அவள் கணக்கு.

கொஞ்ச நேரத்தில் இயக்குநர் அறையிலிருந்து சத்தம் கேட்டது. எல்லாரையும் கூப்பிட்டார். கையில் அந்தப் படம்.

"இதைப் பாத்தீங்களா? யார் வச்சதுன்னு தெரியல. பழைய படம் போல இருக்கு. அப்போ ஜனங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காங்க பாருங்க! எழுபத்தெட்டு சதவீதம் பேர் வழி இல்லாமத் தவிச்சிருக்காங்க. இப்ப தொண்ணூத்தாறு சதவீதம் பேர் மகிழ்ச்சி. இந்த மாற்றத்துக்கு யார் காரணம்?"

அவரே பதிலும் சொன்னார்.

"நாமதான்யா! 'முன்பு', 'இப்போது'ன்னு ரெண்டையும் சேர்த்துப் பெரிய பலகையா வைக்கிறோம். அந்த ஊர்லயே வைக்கிறோம்."

வட்டப் படம் ஒன்றுக்கென்று ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த பலகை, இரண்டு படமானதால் இரண்டு மடங்கு அகலமானது. நிறைய பேர் பார்க்க வேண்டும் என்பதால் கழிமேட்டு வளைவின் முனையிலேயே இரும்புச் சட்டம் அடித்து நிறுத்தினார்கள். விழாவுக்கு வரும் கார்களுக்கு இடைஞ்சல் என்று அந்த இரண்டு இரும்புத் தடுப்புகளையும் எடுத்து ஓரமாகப் போட்டார்கள். விழா முடிந்து திரும்ப வைக்கவில்லை. 'இப்போது என்ற படத்தின் அருகில் தடுப்பு வைப்பது முரண்பாடாகத் தோன்றும்' என்று சரவணகுமார் குறிப்பு எழுதினார். சாயங்காலத்துக்குள் ஒரு வேன் வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு போனது.

திறப்பு விழாவில் காலனி ஜனம் முழுக்க நின்றது. பன்னீர்செல்வம் ஒலிபெருக்கியில் பேசினார்.

"இத்தனை வருஷமா நீங்க வழி கேட்டீங்க. யாராவது உங்களுக்குப் படம் போட்டாங்களா? நாங்க போட்டோம்! சில பேர் மேம்பாலம் கேக்கறாங்க. பாலம் கட்டினா அது ஒரே இடத்துலதான் நிக்கும். படத்தை எங்க வேணும்னாலும் ஒட்டலாம். சில பேர் சுரங்கப் பாதை கேக்கறாங்க. மழை பெஞ்சா பாதையில தண்ணி நிக்கும். படத்துல நிக்குமா? யோசிங்க! நாங்க உங்ககிட்ட கேக்காம எதையும் செய்யல. கேட்டுட்டுத்தான் செய்யல."

கடைசி வாக்கியம் வாய் தவறி வந்ததா, அப்படித்தான் எழுதி வைத்திருந்தாரா என்று தெரியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அவரும் நிறுத்தி, கைதட்டலை வாங்கிக்கொண்டு, தொடர்ந்தார்.

வாசுதேவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். 'முன்பு' படித்தார். 'இப்போது' படித்தார். திரும்பி ரோட்டைப் பார்த்தார். பிறகு ஜெபா பக்கம் நகர்ந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"வழி எப்பம்மா போட்டாங்க? நான் தினம் இப்படித்தான போய்கினு கீறேன், பாக்கவே இல்லியே."

ஜெபா அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அது..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் மோர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பலகை வந்த பிறகுதான் அதன் முழுப் பலன் தெரிந்தது. சந்து முனையில் நின்று பார்த்தால் முன்பெல்லாம் வளைவுக்கு அப்பால் வரும் வண்டி தூரத்திலேயே கண்ணில் படும். இப்போது அங்கே காபிப்பொடி நிற நிலா நின்றது. வண்டி நிலாவுக்குப் பின்னாலிருந்து திடீரென்று பாய்ந்து வரும். நான்கடி முன்னால் போய் எட்டிப் பார்க்கலாமென்றால், அந்த நான்கடி ரோட்டுக்குள் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் வாசுதேவன் அப்படித்தான் எட்டிப் பார்த்தார். கார் நிற்கவில்லை. சைக்கிள் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது, அவர் ஒரு பக்கம். உயிர் தப்பியது. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே கம்பி வைத்தார்கள். இனிமேல் தோட்ட வேலைக்குக் குந்தி எழ முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜெபா ஆஸ்பத்திரிக்குப் போனபோது காசியம்மாள் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசுதேவன் திருப்பிக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அந்த போர்டு மறைச்சிடுச்சும்மா" என்றார், யாரோ அவரிடம் தப்புக் கண்டுபிடித்ததுபோலச் சமாதானமாக. "நான் பாத்துத்தான் போனேன். நீ அந்த ஆபீசுலதான கீற? கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வெக்கச் சொல்லேன். வோணாம்னு சொல்லல. நல்ல போர்டுதான். கொஞ்சம் அந்தாண்ட."

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெபா, "நான் இந்த வேலைக்குப் போகலம்மா" என்றாள்.

ஜாக்குலின் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீ வேலைய வுட்டுட்டா போர்டு எறங்கிடுமா? எறங்கும்னா வுட்டுடு. இல்லன்னா உள்ள இருந்துகினே எறக்கப் பாரு."

ஜெபா போனாள். பலகையை நகர்த்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். பன்னீர்செல்வம் பொறுமையாகப் படித்தார். வருத்தப்படவும் செய்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு மனுஷனுக்குக் கால் போயிருக்கு. இதை நாம சும்மா விடக்கூடாது. உடனடியா ஒரு சர்வே எடுக்கணும்."

"சர்வே வேணாம் சார். பலகையை நகர்த்தினா போதும்."

"மக்களைக் கேக்காமயா? அவங்க பலகைம்மா அது."

ஜெபா கேள்வியை எழுதினாள்: 'இந்தப் பலகை, எதிரே வரும் வண்டிகளை மறைக்கிறதா?' சரவணகுமார் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பதிலை நீங்களே ஊட்டி விடற மாதிரி இருக்கு. மறைக்கிறதான்னு கேட்டா மறைக்கிறதுன்னுதான் சொல்வாங்க. வண்டி, மறைக்கிறது இதெல்லாம் எதிர்மறை வார்த்தை. கேள்வி சுத்தமா இருக்கணும்."

சுத்தப்படுத்தினார்கள். குழு கூடி, ஒவ்வொரு வார்த்தையாகக் கழுவி, கடைசியில் இதை விட்டுவைத்தது: 'பலகை தெளிவாகத் தெரிகிறதா? ஆம் / இல்லை.'

அதைத் தூக்கிக்கொண்டு ஜெபா மறுபடியும் தன் தெருவுக்குள் நுழைந்தாள். இந்த முறை யாரும் உட்காரச் சொல்லவில்லை. காசியம்மாள் வாசலில் நின்றபடியே கேள்வியைக் காதில் வாங்கினாள்.

"தெரியுதா? நல்லா தெரியுதுடி. அது மட்டுந்தான் தெரியுது. வேற ஒரு எழவும் தெரியல. அப்டியே எழுது."

"அப்டியே எழுத இதுல இடம் இல்ல அக்கா. ஆம், இல்ல... ரெண்டுதான்."

"இல்லன்னு எப்டி சொல்லுவேன்? கண்ணுக்கு எதிர்ல நின்னுகினு கீது." காசியம்மாள் டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். "ஆமான்னு போட்டுக்கோ."

ஜெபா 'ஆம்' என்பதைத் தொட்டாள். எல்லா வீட்டிலும் அதைத்தான் தொட வேண்டியிருந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஜாக்குலின்கூட மகளை முறைத்துவிட்டு, "தெரியுது" என்றாள்.

வட்டம் போட்டாள். நூறு சதவீதம். திருத்த ஒன்றுமில்லை. நிறம் சரி, அளவு சரி, நீக்க வேண்டிய ஊர் இல்லை, கேள்வி கேட்டவள் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அவள் அந்த ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து, ஒரே பார்வையில் ஒப்புதல் ஆன படம் அதுதான். இயக்குநர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

"பாத்தீங்களா ஜெபா? தரவு நேர்மையா இருந்தா படம் தானா அழகா வரும். உங்க ஊர் ஜனங்களை நான் தப்பா நினைச்சிருந்தேன். நூத்துக்கு நூறு! இவ்வளவு ஆர்வம் இருக்கற இடத்துல ஒரு பலகை போதாது."

சந்து முனைக்கு மறுபக்கம், மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் கார்கள் வரும் திசையில், இன்னொரு பலகை வைத்தார்கள். அதில் நூறு சதவீத நிலா. இப்போது சந்து முனையில் நின்றால் வலப்பக்கமும் தெரியாது, இடப்பக்கமும் தெரியாது. எதிரே ரிசார்ட்டின் கேட் மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து கண்ணால் பார்த்து ரோடு தாண்டும் பழக்கம் கழிமேட்டில் ஒழிந்தது. காதுதான். வாசுதேவனின் வேலையைக் காசியம்மாளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவளும் ஜாக்குலினும் காலையில் சந்து முனைக்கு வந்து நிற்பார்கள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஜெபாவும் வந்து நிற்பாள். காசியம்மாள் அவளோடு பேசுவதில்லை. ஆனால் தாண்டும்போது மட்டும் கையைக் கொடுப்பாள். மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு மூச்சை அடக்கி, இரைச்சல் வருகிறதா என்று கேட்பார்கள். லாரியின் சத்தம் முன்கூட்டியே கேட்கும். பஸ் கேட்கும். கார்கூட இன்ஜின் உறுமலில் தெரிந்துவிடும். எல்லாம் ஓய்ந்ததும் ஜாக்குலின், "வா" என்பாள். ஓடுவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் ஓய்ந்தது. ஜாக்குலின் வாயைத் திறந்து, காலை எடுத்து வைத்தாள். நிலாவுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி உரசிப் போனது. காற்று மட்டும் அடித்தது. சத்தமே இல்லை.

மூன்று பேரும் சுவரோரமாக ஒடுங்கினார்கள். பல நாளுக்குப் பிறகு காசியம்மாள் ஜெபாவிடம் வாயைத் திறந்தாள்.

"இன்னாடி காரு அது? சத்தமே வர்லியே?"

"பேட்டரி காரு அக்கா. சத்தம் வராது. இப்ப நெறைய வந்துடுச்சு."

காசியம்மாள் ரோட்டின் பக்கம் காதைத் திருப்பினாள். எங்கேயும் ஒரு இரைச்சலும் இல்லை. கிழக்கே கடல் மட்டும் கேட்டது.

"அப்ப இப்ப ஒண்ணும் வர்லியா? இல்ல, வந்துகினு கீதா?"

ஜெபா காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். ஜாக்குலினும் கேட்டாள். கோத்த கையை யாரும் விடவில்லை, யாரும் "வா" என்றும் சொல்லவில்லை. ரோடு நிம்மதியாகக் கிடந்தது.